டப்பாவில் 100, மேடையில் 11: மெமரி கார்டு வேகத்தை வீட்டிலேயே அளப்போம்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம்)

இந்த வாரம் விரல் நகம் அளவுல இருக்கிற ஒரு பொருளைப் பத்திப் பேசப் போறோம். மெமரி கார்டு. 'இதுல பேச என்ன இருக்கு, கடையில போய் 128 ஜிபி கொடுங்கன்னு கேட்டா கொடுப்பாங்க'ன்னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன், நாகர்கோவில்ல என் சித்தி மகள் கல்யாணம் நடக்கிற வரைக்கும்.

கல்யாணத்துக்குத் தொழில்முறை போட்டோகிராபர் தனியா இருந்தாரு. ஆனா அம்மாவோட தம்பி, மஸ்கட்ல இருக்கிற மாமாவுக்கு லீவு கிடைக்கல. அவருக்காக மேடையில ஒரு ஓரமா என் கேமராவை ஸ்டாண்டுல நிறுத்தி, பொண்ணு முகூர்த்தப் புடவை மாத்திட்டு மேடைக்கு வர்றப்போ ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு, பந்தல் வேலையைப் பார்க்கப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா கேமரா நின்னு போயிருக்கு. 'கார்டின் வேகம் போதவில்லை, பதிவு நிறுத்தப்பட்டது'ன்னு திரையில ஒரு செய்தி. பதிவானது ஒன்பது நிமிஷம். கெட்டிமேளம் கொட்டினது பதினோராவது நிமிஷம்.

வீடியோவைப் பார்த்துட்டு மாமா போன் பண்ணாரு. "மருமகனே, பொண்ணு மேடைக்கு வந்தது வரைக்கும் இருக்கு. தாலி எங்கடே?"

இதுல என்னைக் குழப்பினது ஒரு கணக்கு. என் கேமரா 4கே வீடியோவை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துல எழுதுது. எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். அதனால 100 மெகாபிட்டுன்னா விநாடிக்கு 12.5 எம்பிதான். கார்டு டப்பாவுல பெரிய எழுத்துல 'விநாடிக்கு 100 எம்பி வரை'ன்னு போட்டிருக்கு. எட்டு மடங்கு வேகமான கார்டு ஏன் திணறணும்? கல்யாண அலுப்பு தீர்ந்ததும், வீட்டுல கிடந்த கார்டு எல்லாத்தையும் மேசையில கொட்டி அளக்க உட்கார்ந்துட்டேன்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து

முதல்ல டப்பாவைப் படிக்கக் கத்துக்குவோம். எஸ்டி கார்டுக்கான விதிகளை வகுக்கிறது எஸ்டி அசோசியேஷன்ங்கிற அமைப்பு. பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூணு நிறுவனமும் சேர்ந்து 2000 ஜனவரியில ஆரம்பிச்சது. நம்ம கடல்ல 133 அடி வள்ளுவர் சிலை திறந்ததும் அதே மாசம் 1-ம் தேதிதான். ரெண்டுக்கும் ஒரே வயசு.

கார்டு மேல பெரிசா இருக்கிற 100, 160, 200 எல்லாம் அந்த நிறுவனம் சொல்ற உச்ச வேகம். பெரும்பாலும் அது படிக்கிற வேகம். பக்கத்துல 'வரை'ன்னு ஒரு சின்னச் சொல் ஒட்டிட்டு இருக்கும். அந்தச் சொல்லுக்குத்தான் கனம் அதிகம்.

உண்மையான வாக்குறுதி சின்னச் சின்ன அடையாளங்கள்ல இருக்கு. சி எழுத்துக்குள்ள 10 இருந்தா, தொடர்ச்சியா எழுதும்போது விநாடிக்கு 10 எம்பிக்குக் கீழ இறங்காதுன்னு அர்த்தம். யு எழுத்துக்குள்ள 1 இருந்தாலும் அதே 10. யு-க்குள்ள 3 இருந்தா 30. வி30, வி60, வி90-ன்னு இருந்தா அந்த எண்தான் குறைந்தபட்ச எழுதும் வேகம். பெரிய எண் உச்சத்தைச் சொல்லுது, சின்ன எண் அடிமட்டத்தைச் சொல்லுது. வீடியோ எடுக்கிறவனுக்கு அடிமட்டம்தான் முக்கியம்.

என் கார்டைப் பார்த்தேன். சி10, யு1. அது எனக்குக் கொடுத்த வாக்கு 10. நான் அதுகிட்ட கேட்டது 12.5. கார்டு பொய் சொல்லல, நான்தான் படிக்கல.

எழுதுறது ஏன் மெதுவா நடக்குது?

கார்டுக்குள்ள இருக்கிறது ஃப்ளாஷ் நினைவகம். 1980-கள்ல தோஷிபாவுல ஃபுஜியோ மசுவோகாங்கிற பொறியாளர் கண்டுபிடிச்சது. ஒவ்வொரு சின்ன அறையிலயும் எலக்ட்ரான்களை அடைச்சு வைக்கிறாங்க. எவ்வளவு அடைஞ்சிருக்குங்கிறதுதான் தகவல். படிக்கிறதுன்னா எவ்வளவு இருக்குன்னு எட்டிப் பார்க்கிறது. சில பத்து மைக்ரோ விநாடியில முடிஞ்சிடும். எழுதுறதுன்னா எலக்ட்ரான்களை ஒரு காப்புச் சுவர் தாண்டி உள்ள தள்ளணும். கொஞ்சம் தள்ளி, அளந்து பார்த்து, மறுபடி கொஞ்சம் தள்ளி... இப்படிப் பல நூறு மைக்ரோ விநாடி ஆகும். ஒரே அறையில மூணு பிட் வைக்கிற கார்டுகள்ல எட்டு விதமான அளவைத் துல்லியமா வைக்கணும், இன்னும் நேரம் பிடிக்கும்.

இதுல இன்னொரு சிக்கல், ஒரு தடவை எழுதின இடத்துல நேரடியா மேல எழுத முடியாது, முதல்ல அழிக்கணும். எழுதுறது சில கேபி அளவுள்ள பக்கம் பக்கமா நடக்கும். ஆனா அழிக்கிறது பல எம்பி அளவுள்ள ஒரு பெரிய தொகுதியா மட்டும்தான் முடியும்.

நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்கு இது சுலபமாப் புரியும். கும்பப்பூ நடவை நினைச்சுக்கோங்க. நாத்தை ஒவ்வொரு வரிசையா நடலாம். ஆனா நட்ட வரிசையில வேற நாத்து வைக்கணும்னா வயல் முழுசையும் உழணும்னு ஒரு சட்டம் இருந்தா எப்படி இருக்கும்? நல்லா இருக்கிற மத்த வரிசைகளைப் பிடுங்கிப் பக்கத்துத் தரிசு வயல்ல நட்டுட்டு, அப்புறம்தான் இந்த வயலை உழ முடியும். கார்டுக்குள்ள இருக்கிற கன்ட்ரோலர் நமக்குத் தெரியாம இந்த வேலையைச் செஞ்சிட்டே இருக்கு. காலி வயல் குறையக் குறைய வேலை கூடும். கார்டு நிரம்பினா வேகம் குறையறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அளக்கும்போது ஏமாத்துற மூணு விஷயம்

அளக்கிறதுக்குக் காசு செலவு இல்லை. விண்டோஸ் வச்சிருக்கீங்கன்னா கிரிஸ்டல்டிஸ்க்மார்க் இலவசமாக் கிடைக்கும். லினக்ஸ்ல 'டிடி'ங்கிற கட்டளை ஏற்கெனவே இருக்கு. ரெண்டும் வேண்டாம்னா ஒரு பெரிய வீடியோ ஃபைலும் போன்ல இருக்கிற ஸ்டாப்வாட்ச்சும் போதும். 3,000 எம்பி ஃபைல் கார்டுக்குப் போக 150 விநாடி ஆச்சுன்னா, எழுதும் வேகம் 20. அவ்வளவுதான் கணக்கு.

ஆனா வர்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. முதல் நாள் நான் மூணு இடத்துல ஏமாந்தேன்.

முதலாவது, லேப்டாப்போட ராம். நான் போட்ட முதல் சோதனையில எழுதும் வேகம் விநாடிக்கு ஒரு ஜிபிக்கு மேல வந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தது. ஆனா ஃபைல் அப்போ கார்டுக்கே போய்ச் சேரல. லினக்ஸ் அதை ராம்ல வாங்கி வச்சுக்கிட்டு 'முடிஞ்சது'ன்னு சொல்லிடுச்சு. டிடி கட்டளையில 'கார்டுல இறங்கினப்புறம் நேரத்தைச் சொல்லு'ங்கிற விருப்பத்தைச் சேர்க்கணும். ஸ்டாப்வாட்ச்காரங்க, கார்டை 'எஜெக்ட்' பண்ணி, எடுக்கலாம்னு செய்தி வந்த பிறகுதான் வாட்ச்சை நிறுத்தணும். படிக்கிற சோதனைக்கு முன்னாடி கார்டை ஒரு தடவை கழட்டி மாட்டிடுங்க. இல்லைன்னா ராம்ல இருக்கிறதையே திரும்பப் படிச்சுக் காட்டும்.

ரெண்டாவது, கார்டு ரீடர். என்கிட்ட ஒரு பழைய யுஎஸ்பி 2.0 ரீடர் இருந்தது. அதுல எந்த நல்ல கார்டைப் போட்டாலும் முப்பதுகளைத் தாண்டல. யுஎஸ்பி 2.0-வோட வேகம் ஏட்டளவுல 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில 40-ஐத் தொடுறதே பெரிசு. கன்னியாகுமரியில இருந்து எவ்வளவு வேகமா வந்தாலும் செட்டிகுளம் ஜங்ஷன்ல எல்லாரும் ஒரே வேகம்தானே, அந்த மாதிரி. யுஎஸ்பி 3 ரீடர் வாங்கினதும் நிஜ எண்கள் வந்தது. அதுலயும் ஒரு எல்லை இருக்கு. ரோமன் எண் I போட்ட யுஎச்எஸ்-1 கார்டுகளுக்கு விதிப்படி உச்சம் 104 எம்பி. டப்பாவுல 160, 200-ன்னு போட்டிருந்தா, அதுக்கு ஈடுகொடுக்கிற தனி ரீடர்லதான் அந்த வேகம் வரும். உங்க கேமராவுல வராது.

மூணாவதுதான் என் கல்யாண வீடியோவைக் கெடுத்தது. சோதனையோட நீளம். பல கார்டுகள் தங்களோட ஒரு பகுதியை வேகமான வரவேற்பறை மாதிரி வச்சிருக்கும். அங்க ஒரு அறைக்கு ஒரு பிட் மட்டும் எழுதுறதால வேலை சுறுசுறுப்பா நடக்கும். அது நிரம்பினதும் நிஜ வேகம் வெளிய வரும். 1 ஜிபி மட்டும் எழுதிப் பார்த்தா நீங்க அளக்கிறது வரவேற்பறையை மட்டும்தான். குறைஞ்சது 15, 20 ஜிபியாவது தொடர்ந்து எழுதிப் பாருங்க.

மேசையில இருந்த நாலு கார்டு

பிராண்டு பேர் சொல்லப் போறதில்லை. ஒரு பிராண்டுல ஒரு கார்டை மட்டும் அளந்துட்டு நல்லது கெட்டது சொல்றது நியாயம் இல்லை. ஒவ்வொண்ணையும் மூணு தடவை அளந்து நடு எண்ணை எடுத்துக்கிட்டேன்.

முதல் கார்டு, கல்யாணத்துல நின்னு போனது. 64 ஜிபி, சி10, யு1. படிக்கிற வேகம் 91. டப்பா சொன்ன 100-க்குப் பக்கம்தான். எழுதும் வேகம் ஆரம்பத்துல 24. ஏறக்குறைய 6 ஜிபி எழுதினதும் சட்டுனு 11-க்கு இறங்கி, கடைசி வரைக்கும் அங்கயே நின்னது.

இப்போ கல்யாண வீடியோவைக் கணக்குப் போடுங்க. 6,000 எம்பியை 12.5-ஆல வகுத்தா 480 விநாடி. எட்டு நிமிஷம். அதுக்கப்புறம் பேச்சிப்பாறை அணை கணக்குத்தான்: நீர்வரத்து 12.5, வெளியேற்றம் 11. மிச்சத் தண்ணி கேமராவோட தற்காலிக நினைவுல தேங்குது. அது ஒரு நிமிஷம் தாங்கியிருக்கு. ஒன்பதாவது நிமிஷம் கேமரா கையை விரிச்சிடுச்சு. திரையில அந்த 11-ஐப் பார்த்தப்போ, ரெண்டு நிமிஷத்துல தாலி ஏன் தப்பிப் போச்சுன்னு தெளிவாப் புரிஞ்சது.

ரெண்டாவது, 128 ஜிபி, யு3, வி30, ஏ2. படிக்கிறது 92. முதல் கார்டை விட ஒரே ஒரு எம்பிதான் கூட! ஆனா எழுதுறது 60, கடைசி வரைக்கும் பெரிசா இறங்கல. படிக்கிற வேகத்தை மட்டும் பார்த்தா இந்த ரெண்டு கார்டும் இரட்டைப் பிள்ளைங்க. எழுதச் சொன்னாத்தான் வித்தியாசம் தெரியும்.

மூணாவது, பழைய போன்ல இருந்து எடுத்த 16 ஜிபி, சி4. படிக்கிறது 20, எழுதுறது 6. கேட்டா சிரிப்பு வரும். ஆனா அது சொன்னது 4, கொடுத்தது 6. வயசானாலும் வாக்குத் தவறல.

நாலாவதுக்கு வர்றதுக்கு முன்னாடி, கார்டைப் போன்லயோ ராஸ்பெரி பையிலயோ போடுறவங்களுக்கு ஒரு குறிப்பு. ஆப்கள் ஒரு பெரிய ஃபைலை நீளமா எழுதாது. அங்கொண்ணும் இங்கொண்ணுமா 4 கேபி துண்டுகளா எழுதும். அதுக்கான அடையாளம்தான் ஏ1, ஏ2. ஏ1-ன்னா விநாடிக்குக் குறைஞ்சது 1,500 துண்டு படிக்கும், 500 துண்டு எழுதும். 500-ஐ 4 கேபியால பெருக்கினா 2 எம்பிதான்! ஏ2-ன்னா 4,000 படிக்கும், 2,000 எழுதும், ஆனா போனோ போர்டோ அதுக்கான வசதியோட இருக்கணும். வீடியோவுக்கு வி, ஆப்புக்கு ஏ. இதை மட்டும் ஞாபகம் வச்சா போதும்.

வேகமான பொய்

நாலாவது கார்டு, 512 ஜிபி. ஆன்லைன்ல பாதிக்கும் குறைஞ்ச விலைக்கு வாங்கினது. கேமராவுல போட்டுக் கண்ணாடிப் பாலம், திற்பரப்பு அருவின்னு சுத்தினதை எல்லாம் அதுலதான் வச்சிருந்தேன். அப்புறம் அதையே ஆடியோ ரெக்கார்டர்ல மாட்டி, ஆச்சியோட பேட்டியை எடுத்தேன். 1956 நவம்பர் 1-ம் தேதி நம்ம மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு சென்னை மாநிலத்தோட சேர்ந்தப்போ ஆச்சிக்குப் பத்து வயசு. அந்த நாளைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசியிருந்தாங்க. ஒரு எபிசோடா போடணும்னு எண்ணம்.

வேகச் சோதனையில இந்தக் கார்டு பாஸ். படிக்கிறது 70, எழுதுறது 14. பரவாயில்லைன்னு நினைச்சேன். அடுத்த சோதனைக்குக் கார்டைக் காலி பண்ணணும், அதனால ஃபைல்களை லேப்டாப்புக்கு எடுத்தேன். அருவி வீடியோ ஓடுது. பாலம் வீடியோ பாதியில உறையுது. ஆச்சியோட ஃபைல் பேர் இருக்கு, தேதி இருக்கு, அளவு இருக்கு. திறந்தா உள்ள ஒண்ணும் இல்லை.

எஃப்3-ன்னு ஒரு இலவசக் கருவி இருக்கு. போலிக் கார்டுகளைப் பிடிக்கிறதுக்குன்னே எழுதினது. கார்டு நிரம்பற வரைக்கும் 1 ஜிபி ஃபைல்களா, தனக்குத் தெரிஞ்ச ஒரு எண் வரிசையை எழுதும். அப்புறம் எல்லாத்தையும் திரும்பப் படிச்சு ஒப்பிடும். விண்டோஸ்ல இதே வேலையை ஹெச்2டெஸ்ட்டபிள்யூ செய்யும். சாயங்காலம் ஓட விட்டேன், எழுதி முடிக்கவே விடிஞ்சிடுச்சு. முடிவு: உண்மையான இடம் 29 ஜிபிக்குப் பக்கம். மிச்சம் அத்தனையும் தொலைஞ்சது.

இது எப்படி நடக்குதுன்னா, சின்னக் கார்டோட கன்ட்ரோலரை '512 ஜிபி'ன்னு சொல்லும்படி மாத்திடுறாங்க. இருக்கிற இடம் தீர்ந்ததும், வர்ற தகவலைத் தூக்கிப் போட்டுட்டு, இல்லைன்னா பழசு மேலயே எழுதிட்டு, 'எழுதிட்டேன்'னு பதில் சொல்லும். ஃபைல் பேர் பட்டியல் கார்டோட ஆரம்பப் பகுதியில இருக்கிறதால பேர் மட்டும் பத்திரமா இருக்கும். 64 ஜிபி கார்டு கணினியில 59.6-ன்னு காட்டுறதை இதோட குழப்பிக்காதீங்க. கார்டுக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1,024-ஆ எண்ணுது. ரெண்டும் ஒரே இடம்தான்.

எனக்கு வலிச்சது இதுதான். ஆடியோவுக்கு வேகமே தேவையில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோன்னு எடுத்தாலும் விநாடிக்கு 0.3 எம்பி கூட வராது. அந்தப் பழைய சி4 கார்டு தாராளமாத் தாங்கியிருக்கும். கல்யாணத்துல கார்டு உண்மையானது, வேகம் போதல. ஆச்சி விஷயத்துல வேகம் தேவைக்கு மேல இருந்தது, கார்டு உண்மையில்லை. ஒரே ஒரு எண்ணைப் பார்த்து வாங்கினா ரெண்டுல ஏதோ ஒரு பக்கம் அடி விழும்.

என்ன செய்யலாம்?

உங்க கேமராவோட மெகாபிட் எண்ணைத் தேடிப் பிடிச்சு எட்டால வகுங்க. அதுக்கு மேல இருக்கிற வி எண் போட்ட கார்டை வாங்குங்க. 100 மெகாபிட்டுக்கு வி30 போதும், வி90-க்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

புதுக் கார்டு வந்ததும் முதல் வேலையா எஃப்3 இல்லைன்னா ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்க. ஒரு ராத்திரி போகும், போகட்டும். அதுலயே எழுதும் வேகம், படிக்கும் வேகம் ரெண்டோட சராசரியும் கிடைச்சிடும். பில்லைப் பத்திரமா வைங்க. திருப்பிக் கொடுக்கிற நாள் முடியறதுக்குள்ள சோதிச்சிடுங்க. நான் எட்டு மாசம் கழிச்சுச் சோதிச்சேன், பிரயோஜனம் இல்லை.

ஏற்கெனவே படம் இருக்கிற கார்டைச் சோதிக்கிறதா இருந்தா, முதல்ல வேற இடத்துல நகல் எடுங்க. எடுத்த நகலைத் திறந்து பாருங்க. பேர் இருந்தா ஃபைல் இருக்குன்னு அர்த்தம் இல்லை.

ஆச்சிகிட்ட மறுபடி மைக்கை எடுத்துட்டுப் போனேன். "என்ன மக்கா, சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லுகே?"ன்னு சிரிச்சிட்டே பேசினாங்க. முதல் தடவை அவங்க அப்பா அன்னைக்கு வீட்டு வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னாராம், அதை அப்படியே அவர் குரல்லயே சொல்லிக் காட்டினாங்க. இந்தத் தடவை அந்த இடம் வரல. ஞாபகப்படுத்தினேன். "அப்படியா சொன்னேன்?"னாங்க. எனக்கும் அந்த வார்த்தை முழுசா நினைவு வரல.

மிச்சம் ஒண்ணே கால் மணி நேரம் கிடைச்சிருக்கு. ரெண்டாவது கார்டுல இருக்கு, லேப்டாப்ல இருக்கு, அண்ணன் வீட்டு ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. மூணையும் திறந்து கேட்டுட்டேன். அடுத்த வாரம் அதைத்தான் கேட்கப் போறீங்க.

அதுக்குள்ள உங்க மேசை டிராயர்ல கிடக்கிற கார்டுகளை எடுத்து ஒரு ராத்திரி ஓட விடுங்க. சந்திப்போம் நண்பர்களே.